மடக்கையைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். பதினோராம் வகுப்பின் இரண்டாம் பாடமான அடிப்படை இயற்கணிதத்தில் மடக்கை (லாகரிதம், சுருக்கமாக லாக்) வந்துவிட்டால் போதும், என் போன் ஓயாமல் அடிக்கும். பெற்றோர் கேட்பது, பிள்ளைகள் கேட்பது, புதிதாக டியூஷன் எடுக்க வந்திருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகள் கேட்பது என்று வருடா வருடம் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்தாவதில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை. மடக்கை வந்ததும் ஒன்றுமே புரியவில்லை என்று அழுகிறாள். என்ன ஆயிற்று?

பழுது மடக்கையில் இருக்காது. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால், அடுக்குக்குறியில் இருக்கும். என்னிடம் வரும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் ஆறே ஆறு கேள்விதான் கொடுப்பேன்: 2³ எவ்வளவு? 2⁰ எவ்வளவு? 2⁻¹ எவ்வளவு? 8-இன் மூன்றில் ஒன்று அடுக்கு எவ்வளவு? 2³ × 2⁴ எவ்வளவு? 2³ + 2⁴ எவ்வளவு?

நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் கூட 2⁰-க்குப் பூஜ்யம் என்றும், 2⁻¹-க்கு மைனஸ் 2 என்றும் எழுதுவார்கள். கடைசிக் கேள்வியில் அநேகமாக எல்லோருமே சறுக்குவார்கள். 2³ + 2⁴ என்பதற்கு 2⁷ என்று எழுதிவிட்டு நிம்மதியாக என் முகத்தைப் பார்ப்பார்கள். 8-ஐயும் 16-ஐயும் கூட்டினால் 24. 2⁷ என்பது 128. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்த பிறகுதான் கண் விரியும்.

இதைச் சரிசெய்ய விதியைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. நான் ஒரு படிக்கட்டு எழுதச் சொல்வேன். மேலே 2⁴, அதற்கு நேரே 16. கீழே 2³, 8. அதற்கும் கீழே 2², 4. பிறகு 2¹, 2. "ஒவ்வொரு படி இறங்கும்போதும் என்ன நடக்குது சாமி?" என்று மட்டும் கேட்பேன். "பாதியாகுது டீச்சர்." "அப்ப அடுத்த படி?" ஒன்று என்று அவளே எழுதுவாள். அதற்கும் கீழே அரை. 2⁰ ஏன் 1, 2⁻¹ ஏன் அரை என்று நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இந்த ஒரு படிக்கட்டுக்கு இரண்டு மூன்று நாள் செலவானாலும் செலவிடுங்கள். "டீச்சர் இன்னும் மடக்கையே ஆரம்பிக்கலையே" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

சரி, மடக்கையை எப்படி ஆரம்பிப்பீர்கள்?

காகிதத்தை மடக்கித்தான்.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. மடங்கு, மடக்கு, மடக்கை மூன்றும் காதுக்குச் சொந்தக்காரர்கள் போலவே ஒலிக்கும். நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்துப் பிள்ளையின் கையில் கொடுப்பேன். ஒரு முறை மடக்கினால் இரண்டு மடங்கு தடிமன். இன்னொரு முறை, நான்கு மடங்கு. இன்னொன்று, எட்டு. ஆறு ஏழு முறைக்கு மேல் கையால் மடக்க முடியாது; விரல் வலிக்கும். மேற்கொண்டு மனதில் மடக்க வேண்டும்.

தாளின் தடிமன் எவ்வளவு என்பதை நான் சொல்லமாட்டேன். 500 தாள் கொண்ட கட்டு ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்வேன். சுமார் 5 சென்டிமீட்டர் வரும். அப்படியானால் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். இப்போது கேள்வி: நம்ம மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி, ஏறக்குறைய 52 மீட்டர். இந்தத் தாளை எத்தனை தடவை மடக்கினால் கோபுர உயரம் வரும்?

பிள்ளைகள் சொல்லும் பதில் ஆயிரம், லட்சம் என்றெல்லாம் போகும். ஒரு பையன் "மடக்கிக்கிட்டே இருந்தா சித்திரைத் திருவிழா வந்துரும் டீச்சர்" என்றான். விடை 19. பத்தாவது மடிப்பில் 2¹⁰, அதாவது 1,024 மடங்கு. பத்து சென்டிமீட்டர்தான், ஒரு சாண் கூட இல்லை. பதினெட்டாவது மடிப்பில் 26 மீட்டர், கோபுரத்தில் பாதி. அடுத்த ஒரே மடிப்பில் 52.4 மீட்டர், உச்சிக் கலசத்தைத் தாண்டிவிடும். பதினெட்டு மடிப்பில் ஏறிய உயரத்தை பத்தொன்பதாவது மடிப்பு ஒன்றே ஏறிவிடுகிறது. அடுக்குக்குறி வளர்ச்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

பிறகுதான் பெயர் சொல்வேன். "19 தடவை மடக்கினா எத்தனை மடங்கு?" என்று கேட்டால் அது அடுக்குக்குறிச் சார்பு. "இத்தனை மடங்கு வரணும்னா எத்தனை தடவை மடக்கணும்?" என்று திருப்பிக் கேட்டால் அது மடக்கை. லாக்₂ 8 என்பதை "இரண்டை எத்தனை தடவை பெருக்கினால் எட்டு?" என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். ஒரு வாரத்துக்கு வேறு எப்படியும் வாசிக்கக் கூடாது. லாக்₁₀ 1000? பத்தை எத்தனை தடவை பெருக்கினால் ஆயிரம்? மூன்று. லாக்₅ 1? ஐந்தை ஒரு தடவை கூடப் பெருக்காமல் விட்டால் ஒன்று, விடை பூஜ்யம். முதலில் ஏறி இறங்கிய படிக்கட்டுதான் இது, இப்போது திருப்பிப் பார்க்கிறோம்.

"மடக்கை" என்று சொல்லிக்கொடுப்பதா, "லாக்" என்றா?

இரண்டும். தமிழ் வழிப் பிள்ளைக்குத் தேர்வில் மடக்கை, அடிமானம் (லாக்₂ 8-இல் கீழே சிறிதாக நிற்கும் 2), சார்பகம், வீச்சகம் என்றுதான் வரும். ஆங்கில வழிப் பிள்ளைக்கு லாக், பேஸ். ஆனால் யோசிப்பது எந்தச் சொல்லில் என்பது வேறு. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளையிடமும் நான் "எத்தன தடவ?" என்றே கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, விடைத்தாளில் எந்த மொழியில் எழுதினாலும் சரியாகவே எழுதுகிறார்கள்.

விதிகளை மனப்பாடம் செய்துவிட்டால் போதாதா? தேர்வுக்கு அதுதானே வேண்டும்?

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டியூஷன் எடுக்கத் தொடங்கிய புதிதில் வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். மூன்று வாரம் விதிகளை எழுதிப் போட்டு ஒப்பிக்கவைத்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தேர்வில் லாக்₂ (8 + 8) வந்தது. அவள் 3 + 3 = 6 என்று எழுதிவிட்டு வந்தாள். 8 + 8 என்பது 16, விடை 4. "நீங்க சொன்ன விதிதானே டீச்சர்?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. எந்த விதி எங்கே பிறந்தது என்று அவளுக்கு நான் காட்டவே இல்லை.

இப்போது விதியைச் சொல்வதில்லை. ஒரு நீளமான தாளில் இரண்டு வரிசை எழுதவைக்கிறேன். மேல் வரிசையில் 0, 1, 2, 3 என்று 13 வரை. கீழ் வரிசையில் 1, 2, 4, 8 என்று 8,192 வரை. பிறகு, "64-ஐ 128-ஆல் பெருக்கு, ஆனா பெருக்கக் கூடாது" என்பேன். முழிப்பார்கள். 64-க்கு மேலே 6, 128-க்கு மேலே 7. கூட்டினால் 13. பதின்மூன்றுக்குக் கீழே 8,192. பெருக்கிப் பார்த்தாலும் அதுவே வரும். இரண்டு மூன்று கணக்கு இப்படிப் போட்டதும் பிள்ளையே சொல்லிவிடும்: "பெருக்கறதுக்குப் பதிலா மேல கூட்டிக்கலாம்." அதுதான் முதல் விதி. வகுத்தலுக்குக் கழித்தல், அடுக்குக்குப் பெருக்கல், எல்லாம் அந்த இரண்டு வரிசையிலேயே கிடைக்கும். அடிமானம் மாற்றும் விதியை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மடக்கை பிறந்ததே இந்தச் சுமையைக் குறைக்கத்தான். வானியலாளர்களும் கடலோடிகளும் ஏழெட்டு இலக்க எண்களை நாள் முழுக்கப் பெருக்கிக்கொண்டிருந்த காலம். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் இருபது வருடம் போல உழைத்து 1614-இல் தன் அட்டவணையை வெளியிட்டார். அவருடைய மடக்கை இன்று நாம் எழுதும் வடிவில் இல்லை. ஹென்றி பிரிக்ஸ் அவரை நேரில் போய்ப் பார்த்துப் பேசிய பிறகு, பத்தை அடிமானமாகக் கொண்ட முதல் அட்டவணையை 1617-இல் அச்சிட்டார். பள்ளியில் நாம் புரட்டும் மடக்கை அட்டவணை அந்த வழியில் வந்தது. "எதுக்கு டீச்சர் இதெல்லாம் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. கேட்டது நியாயமான கேள்வி.

நம் பக்கத்தில் யாரும் இதை யோசிக்கவே இல்லையா?

யோசித்திருக்கிறார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சமண அறிஞர் வீரசேனர் தம் தவளா உரையில் அர்த்தச்சேதம் என்ற ஒன்றைப் பேசுகிறார். ஓர் எண்ணை எத்தனை தடவை பாதியாக்கலாம் என்பதே அது. 32-க்கு அர்த்தச்சேதம் 5. இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கைதான் இது. மூன்றால் வெட்டுவதற்கும் நான்கால் வெட்டுவதற்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அட்டவணை போட்டுப் பெருக்கலை எளிதாக்கும் வேலைக்கு அவர்கள் இதைக் கொண்டுபோகவில்லை. அதனால் நேப்பியருக்கு முன்பே எல்லாம் நம்மிடம் இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லமாட்டேன். ஆனால் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிற பிள்ளைகளிடம், அங்கே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களைச் செதுக்கிய காலத்தை ஒட்டி, அதே சமயத்தைச் சேர்ந்த ஒருவர் "எத்தனை தடவை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வேன். முகம் மலர்ந்துவிடும்.

கூட்டலுக்குள் மடக்கையைப் பிரித்து எழுதும் தவறு போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

ரேடியோ செட்டைக் கேளுங்கள் என்பேன். ஊர்த் திருவிழாவில் ஒரு குழாய் ஒலிபெருக்கி நாம் நிற்கும் இடத்தில் 80 டெசிபல் சத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்றைக் கட்டினால் 160 டெசிபலா? அப்படியானால் யார் காதும் மிஞ்சாது. உண்மையில் 83 தான். டெசிபல் என்பது மடக்கை அளவு. சத்தத்தின் செறிவு இரண்டு மடங்கானால் அளவில் கூடுவது 10 × லாக் 2 (அடிமானம் எழுதாவிட்டால் பத்து என்று கொள்ளுங்கள்), அதாவது 10 × 0.3010, ஏறத்தாழ 3. பத்துக் குழாய் கட்டினால் 90. செறிவைக் கூட்டினோம், மடக்கைகளைக் கூட்டவில்லை. அலங்காநல்லூர்ப் பையன் ஒருவன் இதைக் கேட்டபின் அந்தத் தவறைச் செய்யவே இல்லை. அவன் அப்பா மைக் செட் வைத்திருப்பவர்.

எதிர்ம எண்ணுக்கும் பூஜ்யத்துக்கும் ஏன் மடக்கை கிடையாது?

தாளை எத்தனை தடவை மடக்கினாலும் தடிமன் பூஜ்யம் ஆகாது. பிரித்துப் பிரித்துப் பாதியாக்கிக்கொண்டே போனாலும் ஆகாது. பூஜ்யத்துக்குக் கீழேயும் போகாது. எத்தனை தடவை என்ற கேள்விக்கு அங்கே பதிலே இல்லை. அடிமானம் 1 ஏன் கூடாது என்பதும் இப்படித்தான்: ஒன்றை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதான்.

வளைவரை வரைவது கட்டாயமா?

கட்டாயம், கையால். 2-இன் அடுக்குக்குறிச் சார்பையும் அதன் மடக்கையையும் ஒரே வரைபடத் தாளில் வரைந்து, மூலைவிட்டமாகத் தாளை மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றின் மேல் ஒன்று படியும். நேர்மாறு சார்பு என்ற சொல்லைக் கண்ணால் பார்க்க அதுவே வழி. இன்னொன்றும் செய்யச் சொல்வேன்: ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், பத்து சென்டிமீட்டர் வலப்புறம் போன உடனே அடுக்குக்குறி வளைவரை 1,024 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது மூன்றாவது மாடியில் இருக்கும். மடக்கை வளைவரையோ பத்து சென்டிமீட்டர் உயரவே வலப்புறம் பத்து மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விடும். ஒரு நாள் ஒரு பிள்ளையைச் சாக்பீஸோடு தெருவில் நடக்கவே விட்டேன்.

"இ" (e) என்ற எண் எங்கிருந்து வந்தது? பிள்ளை கேட்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை.

வட்டியிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அதற்கு முன் நம்ம ஊர் வட்டியைப் பேசிவிடலாம்.

"ரெண்டு வட்டி" என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். மாதாமாதம் வட்டியைக் கட்டிவிட்டால் அசல் அப்படியே நிற்கும். கட்டாமல் விட்டு, வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால்? கடன் எப்போது இரண்டு மடங்காகும்? 1.02-ஐ எத்தனை தடவை பெருக்கினால் 2? லாக் 2-ஐ லாக் 1.02-ஆல் வகுக்க வேண்டும்: 0.3010-ஐ 0.0086-ஆல் வகுத்தால் 35. முப்பத்தைந்து மாதம், மூன்று வருடம் கூட இல்லை. மூணு வட்டி என்றால் இருபத்து நான்கு மாதத்துக்குள். அஞ்சு வட்டி என்றால் பதினைந்தாவது மாதம் தாண்டுவதற்குள் இரட்டிப்பாகிவிடும். கடன் வாங்கித் தவித்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் என்னிடம் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போடும்போது அவர்கள் முகம் மாறும். ஒரு பிள்ளை விடையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள், அம்மாவிடம் காட்ட. மடக்கையால் என்ன உபயோகம் என்று அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

இப்போது "இ". ஒரு ரூபாய்க்கு வருடம் நூறு சதவீத வட்டி. வருடக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாதிப் பாதியாகச் சேர்த்தால் 2.25. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றால் 2.44. மாதாமாதம் 2.61. தினமும் சேர்த்தால் 2.71. நிமிடத்துக்கு நிமிடம் சேர்த்தாலும் 2.72-ஐத் தாண்டாது. எந்த எண்ணில் முட்டி நிற்கிறதோ அது 2.71828 என்று போய்க்கொண்டே இருக்கும் விகிதமுறா எண். 1683-இல் ஜேக்கப் பெர்னூலி இந்தக் கூட்டு வட்டிக் கேள்வியைக் கேட்டார். பிற்பாடு ஆய்லர் அதற்கு இந்த எழுத்தைக் கொடுத்தார். கால்குலேட்டரை மகன் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். எண் ஏறுவது குறைந்து குறைந்து நிற்பதை அவனே பார்க்கட்டும்.

இதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் எங்கே வரும்?

நினைப்பதைவிட நிறைய இடத்தில். வேதியியலில் பிஹெச் மதிப்பு மடக்கைதான். மதிப்பு ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு. முதல் வகை வினைகளின் சூத்திரத்தில் வரும் 2.303 பல பிள்ளைகளுக்கு வானத்திலிருந்து விழுந்த எண். அது இயல் மடக்கையில் 10-இன் மதிப்பு. அடிமானத்தை "இ"-யிலிருந்து பத்துக்கு மாற்றியதால் வந்து ஒட்டிக்கொண்டது. கணக்கில் வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் நியூட்டனின் குளிர்வு விதி. அறை 30 டிகிரி, டீ 90 டிகிரி, பத்து நிமிடத்தில் 60-க்கு வந்துவிட்டது என்றால், அடுத்த பத்து நிமிடத்தில் 45, அதற்கடுத்து 37.5. வித்தியாசம்தான் பாதியாகிறது, சூடு பாதியாவதில்லை. டம்ளரையும் வெப்பமானியையும் வைத்து வீட்டிலேயே பார்க்கலாம்.

கீழடியின் வயதைக் கண்டுபிடிக்க மடக்கை தேவைப்பட்டதாமே?

ஆமாம். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குவேன்.

உயிரோடு இருக்கும் மரமும் பயிரும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கின்றன. அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14. உயிர் போனதும் எடுப்பது நின்றுவிடும். இருக்கும் கார்பன்-14 மட்டும் சிதைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டில் பாதி, அடுத்த 5,730 ஆண்டில் அதிலும் பாதி. காகிதத்தைப் பிரித்துப் பாதியாக்கும் அதே விளையாட்டை இயற்கை ஆடுகிறது. மடிப்புக்கு மடிப்பு 5,730 ஆண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது. கரித்துண்டு ஒன்றில் 73 சதவீதக் கார்பன்-14 மிச்சம் இருக்கிறது என்று பயிற்சிக்காக நான் ஒரு எண்ணை எடுத்துக்கொள்வேன். பாதி கூடச் சிதையவில்லை. அப்படியானால் ஒரு மடிப்பு கூட முழுதாக நடக்கவில்லை. "எத்தன தடவ பாதியாகியிருக்கு?" என்று கேட்டால் பிள்ளை முதலில் திகைக்கும். அரைத் தடவை, முக்கால் தடவை பாதியாக்குவது எப்படி? 8-இன் மூன்றில் ஒன்று அடுக்கை முதல் நாளே கேட்டுவைத்தது இதற்காகத்தான்.

அட்டவணையில் 7.3-க்கு 0.8633. நமக்கு வேண்டியது 0.73, அதனால் ஒன்றைக் கழிக்க, மைனஸ் 0.1367. அரையின் மடக்கை மைனஸ் 0.3010. வகுத்தால் 0.454. ஒரு மடிப்பில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அதை 5,730-ஆல் பெருக்கினால் 2,600 ஆண்டு.

எண்ணைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள். ஆய்வகத்தில் வேலை இதோடு முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. வயது தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். ஆனால் கணக்கின் முதுகெலும்பு இதுதான். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள், போவதற்கு முந்தின நாள் இந்தக் கணக்கைப் போடவைத்துவிட்டுப் போங்கள்.

கால்குலேட்டர் கொடுக்கலாமா? மடக்கை அட்டவணை இன்னும் தேவையா?

புரிந்துகொள்ளும் நாட்களில் கால்குலேட்டர் கொடுக்கலாம். பயிற்சி நாட்களில் வேண்டாம். நீட், ஜேஇஇ தேர்வுகளில் கால்குலேட்டருக்கு இடமில்லை. லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 7 = 0.8451 மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லாக் 5 வேண்டுமென்றால் 1-இலிருந்து லாக் 2-ஐக் கழித்தால் 0.6990. 6, 8, 9, 12 எல்லாம் கூட்டிக்கொள்ளலாம். அட்டவணையில் பிள்ளைகள் தடுமாறுவது 1-க்குக் குறைந்த எண்களுக்குப் போடும் பார் குறியில். 0.73-க்கு பார் 1 புள்ளி 8633 என்றால் மைனஸ் 1.8633 என்று படித்துவிடுவார்கள். பார் போட்ட ஒன்று மட்டும்தான் மைனஸ், புள்ளிக்குப் பின்னால் இருப்பது பிளஸ். இரண்டையும் எப்போதும் தனித்தனியாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள்.

நாற்பது பேர் சேர்ந்து படிக்கும் சென்டரில் நன்றாகத்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்? தனியாக எதற்கு?

எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. அடுக்குக்குறி சரியாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல சென்டர் போதும், வீண் செலவு வேண்டாம். ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு நாற்பது பேர் நடுவில் கையைத் தூக்கி 2⁰ ஏன் ஒன்று என்று கேட்க வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால், பேனா எந்த வரியில் நின்றது என்று எனக்குத் தெரிகிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தனியாக உட்காருவது.

புதிதாக டியூஷன் எடுக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பேனாவைப் பிள்ளையிடமிருந்து வாங்காதீர்கள். நீங்கள் போட்டுக்காட்டும் கணக்கு உங்களுக்குத்தான் பழகும். கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் இருபது எண்ணும்வரை பேசாதீர்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம், பிள்ளை அப்போதுதான் யோசிக்கிறது. தவறான விடை வந்தால் "எப்பிடி வந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் அதையே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டாலே தப்பு என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார விரும்பினால் முதல் நாள் மட்டும் சரி என்று சொல்லுங்கள். அம்மா இருக்கும் இடத்தில் பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது. இடம் நெருக்கடியான வீடு என்றால், புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அமைதியாகப் படிக்க நல்ல இடம்.

எத்தனை நாள் ஆகும்? எப்போது நிறுத்தலாம்?

வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் மடக்கையும் அடுக்குக்குறிச் சார்பும் நிலைக்கு வந்துவிடும். அடுக்குக்குறியே ஆட்டமாக இருந்தால் இன்னும் நான்கு நாள்.

நிறுத்தும் நாளை முடிவு செய்ய நான் புத்தகக் கணக்கு எதுவும் கொடுப்பதில்லை. 1,024 பக்கமுள்ள ஓர் அகராதி. ஒரு சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். நடுவில் திறந்து, சொல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, தேவையில்லாத பாதியைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி நடுவில் திறந்து, இப்படியே போனால் ஒரே பக்கம் மிஞ்ச எத்தனை தடவை திறக்க வேண்டும்? மடக்கை என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவே மாட்டேன்.

போன வருடம் வில்லாபுரத்திலிருந்து வந்த பிள்ளை, அதே ஆறு கேள்வியில் நான்கைத் தப்பாக எழுதியவள், பேனாவை எடுக்கவே இல்லை. "பாதி பாதியா எத்தன தடவன்னுதான டீச்சர் கேக்குறீங்க? பத்து" என்றாள். அன்று சாயங்காலமே அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.